கூட்டைத் திறக்கும் நாளும், திறக்கக் கூடாத நாளும்

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றதும் கவிதை, ஜோக், பொது அறிவுத் துணுக்கு என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு குருவி வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். இந்த வீட்டில் கம்பம் இருக்கிறது, கப்பி இருக்கிறது, கம்பிக்கயிறு சுற்றும் வின்ச் இருக்கிறது, லாக் பின் இருக்கிறது. வாரம் ஒரு முறை இறக்கிப் பார்க்க வேண்டும், பார்த்ததை ரெக்கார்டில் எழுத வேண்டும். நாம் வொர்க்ஷாப்பில் படிக்கிற மெயின்டனன்ஸ்தான் இது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே தப்பாகக் கை வைத்தால் மெஷின் நிற்காது, குஞ்சு செத்துப்போகும்.

பறவையின் பெயர் பர்ப்பிள் மார்ட்டின். வட அமெரிக்காவில் இருக்கும் தகைவிலான் இனக் குருவிகளிலேயே பெரியது இதுதான். நீளம் சுமார் 20 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. வளர்ந்த ஆண் பறவை கருநீலமாகப் பளபளக்கும், வெயில் படும்போது ஊதாவாகத் தெரியும். குளிர்காலத்தை பிரேசில் போன்ற தென் அமெரிக்க நாடுகளில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் வடக்கே வரும். 2007-ல் சில பறவைகளின் முதுகில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண் பறவை பிரேசிலிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பதின்மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. சுமார் 7,500 கிலோமீட்டர்!

இதை நான் நேரில் பார்த்ததில்லை. நம்மில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் படிக்கப் படிக்க என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. ராக்கி மலைத் தொடருக்குக் கிழக்கே வாழும் மார்ட்டின்கள் ஏறக்குறைய முழுவதுமாக மனிதன் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் கூடு கட்டுகின்றன. மேற்கே இன்னும் மரங்கொத்தி போட்ட பொந்திலும், அரிசோனா பாலைவனத்தில் ராட்சதக் கள்ளிச்செடியின் துளையிலும் கட்டுகின்றன. கிழக்கே அந்தப் பழக்கம் போயே போய்விட்டது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சாக்டா, சிக்கசா போன்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் காய்ந்த சுரைக்குடுக்கையில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டு இவற்றைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் மரப்பெட்டி வைத்தார்கள். பறவை ஓவியர் ஆடுபான், 1830-களில் எழுதும்போது, ஊர்ப்புறச் சத்திரங்களின் பெயர்ப்பலகை மேல் மார்ட்டின் பெட்டி இருப்பதையும், பெட்டி அழகாக இருந்தால் சத்திரமும் நன்றாகவே இருப்பதையும் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

ஆக, வீடு கொடுத்தவன் வீட்டுக்காரன். அங்கே இவர்களைச் சொல்வதே ‘லேண்ட்லார்டு’ என்றுதான். வாடகை கிடையாது, ஆனால் ரிப்பேர் வேலை உண்டு.

எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?

‘குருவி கூடு கட்டினால் அது பாட்டுக்கு இருக்கட்டுமே, நாம் ஏன் தலையிட வேண்டும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டு மரப் பொந்தாக இருந்தால் பதில், ‘தலையிடாதே’ என்பதுதான். இங்கே ஒரே கம்பத்தில் பன்னிரண்டு குடும்பம், இருபது குடும்பம் என்று நாம் அடுக்கி வைத்திருக்கிறோம். மழைத் தண்ணீர் ஒரு அறைக்குள் இறங்கினால் கூடு நனைந்து குஞ்சு விறைத்துவிடும். ரத்தம் குடிக்கும் பேன் போன்ற சிற்றுண்ணிகளும் ஈப்புழுக்களும் ஒரு கூட்டில் பெருகினால் குஞ்சுகள் சோர்ந்துபோகும். செத்த குஞ்சு ஒன்று உள்ளே கிடந்தால் மற்றதற்கும் கெடுதல். இதெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது.

இன்னொரு காரணம் ஆக்கிரமிப்பு. இதைச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஏனென்றால் வில்லன் நம்ம சிட்டுக்குருவி! 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க் பக்கம் புரூக்ளினில் கொண்டுவந்து விட்ட சிட்டுக்குருவி, கண்டம் முழுவதும் பரவிவிட்டது. 1890-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஸ்டார்லிங் என்ற இன்னொரு ஐரோப்பியப் பறவையைத் திறந்துவிட்டார்கள். நம் மைனாவுக்குப் பங்காளி அது. இந்த இரண்டும் மார்ட்டின் அறைக்குள் புகுந்து முட்டையைக் கொத்தும், குஞ்சை வெளியே இழுத்துப் போடும். ஸ்டார்லிங் சில நேரம் தாய்ப் பறவையையே கொன்றுவிடும். நாம் மார்ச் 20-ஆம் தேதி சிட்டுக்குருவி தினம் கொண்டாடுகிறோம். அங்கே மார்ட்டின் வளர்ப்பவர் அதன் கூட்டைப் பிய்த்து எறிகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லைதான். ஆனால் குருவியின் மேல் குற்றம் இல்லை, அதை இடம் மாற்றிக் கொண்டுபோய் விட்டவர்கள் செய்த காரியம் இது என்று நினைக்கும்போது அந்த வீட்டுக்காரரின் தரப்பும் புரிகிறது.

ஆனால் பிய்ப்பதற்கு முன்னால் யாருடைய கூடு என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். மார்ட்டின் உட்பட அந்நாட்டுப் பறவைகளை 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் காக்கிறது. அந்தக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது அழிப்பது குற்றம். வெளியிலிருந்து வந்த சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தக் காப்பு இல்லை. மார்ட்டின் முட்டை சுத்த வெள்ளை. கூடு தட்டையாக, குச்சி, சருகு, வாசலோரம் கொஞ்சம் மண், மேலே பச்சை இலை என்று இருக்கும். சிட்டுக்குருவியின் கூடு வைக்கோல், இறகு, காகிதத் துண்டு எல்லாம் திணித்துக் கூரை போட்ட மாதிரி இருக்கும், முட்டையில் புள்ளி இருக்கும். புள்ளி இருந்தாலே சிட்டுக்குருவி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரென் என்ற சின்னஞ்சிறு உள்நாட்டுப் பறவையின் முட்டையிலும் புள்ளி உண்டு. அது காப்பில் உள்ள பறவை. குச்சியாக அடைத்த கூடு என்றால் கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

இறக்கும் முறை

பழைய பெட்டிகள் கம்பத்தின் உச்சியில் ஆணி அடித்து நிறுத்தியவை. பார்க்க வேண்டுமென்றால் ஏணி. என் அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஏணி சாய்க்கும்போது உயரத்தில் கால் பங்கு தூரம் அடியில் தள்ளி வை என்பார். நம் சேஃப்டி பாடத்தில் நான்குக்கு ஒன்று என்று போட்டிருப்பதும் அதேதான். அவரிடம் ‘ஒற்றைக் கம்பத்தில் ஏணியைச் சாய்க்கலாமா?’ என்று கேட்டேன். ‘சுவர் இரண்டு கொம்பையும் தாங்கும், கம்பம் ஒன்றையும் தாங்காது, ஏணி உருண்டுவிடும்’ என்றார். அவ்வளவுதான் விஷயம். ஏறி இறங்கி ஆய்வு செய்ய வேண்டிய பெட்டியை வருஷத்தில் ஒரு முறைகூட யாரும் பார்க்க மாட்டார்கள்.

1960-களில் இல்லினாய் மாநிலத்தில் கிரிக்ஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜே. எல். வேட் என்பவர், டிவி ஆன்டெனா செய்துகொண்டிருந்த தன் தொழிற்சாலையில் அலுமினிய மார்ட்டின் வீடு செய்யத் தொடங்கினார். ஒரு மார்ட்டின் நாளைக்கு 2,000 கொசு தின்னும் என்றும் விளம்பரம் பரவியது. அது சரியில்லை. மார்ட்டின் பகலில் உயரத்தில் பறந்து தும்பி, வண்டு, ஈ, அந்துப்பூச்சி என்று பிடிக்கும். கொசு அந்தி நேரத்தில் தரையோரம் திரியும். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். விளம்பரம் பொய்த்தாலும் அலுமினியம் நிலைத்துவிட்டது. எடை குறைவு, துரு இல்லை. இன்று நல்ல வீடு என்றால் கம்பத்தைச் சுற்றி ஒரு சட்டம் வழுக்கி இறங்கும். அதில் அறைகளோ, பிளாஸ்டிக் சுரைக்குடுக்கைகளோ மாட்டியிருக்கும். உச்சியில் கப்பி, அதன் மேல் கம்பிக்கயிறு, அடியில் கைப்பிடி வின்ச். நம் ஊர்க் கொடிக்கம்பமும் கிணற்று ராட்டினமும் சேர்ந்த மாதிரி.

பொதுவாகத் தரையிலிருந்து 12 அடிக்கு மேல் நிறுத்துவார்கள். வீட்டிலிருந்து ரொம்பத் தள்ளாமல், மரத்திலிருந்து ஒதுங்கி, நாலு பக்கமும் திறந்த வெளியாக இருக்க வேண்டும். பாம்பும் ரக்கூன் என்ற மரமேறி விலங்கும் ஏறாதபடி கம்பத்தில் தகரக் கவசம் மாட்டுவார்கள். கம்பம் நடும்போதே மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அலுமினியக் கம்பம் சாய்ந்து லைனில் பட்டால் என்ன ஆகும் என்று எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இறக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை போதும். காலை வெயில் ஏறிய பிறகு, மாலை சாய்வதற்கு முன். விடிகாலையில் தாய் முட்டையிடும் நேரம், போகக் கூடாது. அந்தி நேரத்தில் கலைத்தால் இருட்டுக்குள் திரும்பி வராமல் போகலாம், குஞ்சு இரவெல்லாம் குளிரில் கிடக்கும். மழையோ குளிர்காற்றோ இருந்தால் அன்று வேலையே வேண்டாம். குளிர் மழை இந்தப் பறவைக்கு எமன். பூச்சி பறக்காவிட்டால் சாப்பாடு இல்லை. 1972 ஜூனில் ஆக்னஸ் சூறாவளி மழை நாள்கணக்கில் பெய்தபோது பென்சில்வேனியா பக்கம் ஏராளமான மார்ட்டின்கள் குஞ்சோடு பட்டினி கிடந்து செத்தன.

கம்பத்தருகே போகும்போது பேசிக்கொண்டே போவார்களாம். கம்பத்தை மெதுவாகத் தட்டுவார்கள். உள்ளே இருக்கும் பெரிய பறவைகள் திடுக்கிடாமல் வெளியே போய்விடும். கைப்பிடியைத் தொடுவதற்கு முன் கம்பிக்கயிற்றை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும், இழை பிய்ந்திருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. லாக் பின்னை உருவிவிட்டு, வின்ச்சின் கைப்பிடியை விடாமல் பிடித்து மெள்ள இறக்க வேண்டும். கைப்பிடியை விட்டால் அது சுழன்று மணிக்கட்டை உடைக்கும், மேலே இருக்கும் வீடு தடால் என்று இறங்கும், முட்டைகள் கூழாகும். தலைக்கு நேர் கீழே யாரும், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள், நிற்கக் கூடாது.

கீழே வந்ததும் ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து, எண்ணி, எழுதி, மூடிவிடுவார்கள். அறைக்கு எண் எழுதியிருக்கும். முட்டை இத்தனை, குஞ்சு இத்தனை, வயசு இத்தனை நாள். எச்சத்தூள் பறக்கும், அதனால் மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மொத்த வேலையும் அரை மணிக்குள் முடிய வேண்டும். பெரியவை தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்திக்கொண்டே இருக்கும், மேலே ஏற்றியதும் சில நிமிஷத்தில் திரும்பிவிடும். ஏற்றும்போது ஒரு நுணுக்கம்: வீடு முன்பு எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையைப் பார்க்க வேண்டும். பறவை தன் அறையை இடம் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது. அதற்காகக் கம்பத்திலும் சட்டத்திலும் நேருக்கு நேர் கோடு போட்டு வைக்கிறார்கள். நாம் ஃபிட்டிங்கில் மேட்ச் மார்க் போடுகிற மாதிரியே.

‘மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது’ என்று நம் ஊரில் சொல்வது அங்கேயும் உண்டு. மார்ட்டின் விஷயத்தில் அது உண்மையில்லை. குஞ்சைக் கையில் எடுத்து, நனைந்த கூட்டை அப்புறப்படுத்தி, காய்ந்த மரச்சுருள் (தச்சர் இழைக்கும்போது விழுமே, அது) போட்டுத் திரும்ப வைத்தாலும் தாய் வந்து இரை கொடுக்கிறது. எடுத்த குஞ்சு அதே எண் அறைக்குத் திரும்ப வேண்டும், அது ஒன்றுதான் கண்டிப்பு. முட்டை இருக்கும் கூட்டைக் கலைப்பதில்லை. பூச்சிமருந்துத் தூள் தூவுவதும் வேண்டாம், கூட்டை மாற்றினாலே போதும்.

கணக்கு

இனிதான் முக்கியமான இடம். தாய் நாளுக்கு ஒரு முட்டை வீதம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வரை இடும். கடைசி முட்டைக்குச் சற்று முன் அடைகாக்கத் தொடங்கும். சுமார் 16 நாளில் பொரிக்கும். பொரித்த 26 முதல் 32 நாளுக்குள் குஞ்சு பறக்கும். கூட்டை விட்டுப் பறந்தாக வேண்டிய நாள் வருவதற்கு முன்பே, ஏறக்குறைய மூன்று வாரத்தில், அதற்கு இறகு முளைத்துவிடும், தாயைவிடக்கூட எடை போட்டிருக்கும், பயமும் வந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் இறக்கை தாங்குமா என்று யோசிக்காமல் குதித்துவிடும். ஒன்று குதித்தால் அடுத்த அறையில் இருப்பதும் குதிக்கும். தரையில் விழுந்த குஞ்சைப் பூனை தூக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். அதனால் 22 நாள் ஆன குஞ்சுகள் உள்ள அறையைத் திறக்கக் கூடாது என்பது அனுபவப்பட்டவர்கள் வகுத்த எல்லை.

22 நாள் என்பதைக் கூட்டைப் பார்த்ததும் எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. ரெக்கார்டு இருந்தால்தான் முடியும். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 7-ஆம் எண் அறையில் ஜூன் 5 மதியம் இரண்டு முட்டை. அப்படியென்றால் முதல் முட்டை ஜூன் 4. அடுத்த வாரம் பார்த்தால் மொத்தம் ஐந்து. கடைசி முட்டை ஜூன் 8. அதோடு 16 கூட்டினால் ஜூன் 24 வாக்கில் பொரிக்கும். 22 கூட்டினால் ஜூலை 16. அன்றோடு அந்தக் கதவுக்குப் பூட்டு. ஜூலை 20-லிருந்து பறக்க ஆரம்பிக்கும். இடையில் போய்ப் பார்க்கும்போது குஞ்சு எந்த நாளில் பொரித்தது என்று திருத்திக்கொண்டால் கணக்கு இன்னும் கிட்டத்தில் வரும்.

எங்கள் வீட்டில் கோழி அடை வைத்தால் அம்மா அடுப்புக்கரியால் சுவரில் நாளுக்கு ஒரு கோடு போடுவார். 21 கோடு ஆகும்வரை கூடைப் பக்கம் எங்களை அண்ட விடமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அது எனக்கு வெறும் கரிக்கோடாகத்தான் தெரிந்தது. மார்ட்டின் வளர்ப்பவர்களின் பதிவுத் தாளைப் பற்றிப் படித்தபோதுதான் அம்மா வைத்திருந்ததும் ரெக்கார்டுதான் என்று உறைத்தது. பொரிக்கும் நாளை முன்கூட்டியே சொல்வது, அதற்கு முன் தொடாமலிருப்பது, இரண்டும் அந்தச் சுவரிலேயே இருந்தன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, டிசைன் படிப்பவர்கள் யோசிக்கலாம். எல்லா அறையும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. 7-ஆம் அறையில் 24 நாள் குஞ்சு, 3-ஆம் அறையில் 5 நாள் குஞ்சு. 3-ஐப் பார்க்க இறக்கினால் 7-ம் சேர்ந்து இறங்கும், ஆடும், குதிக்கும். சிலர் மூத்த குஞ்சுகள் எல்லையைத் தாண்டியதும் மொத்த வீட்டையும் இறக்குவதை நிறுத்திவிட்டு, கீழே நின்று பைனாகுலரில் பார்த்து, தாய் இரை கொண்டுபோகிறதா என்று மட்டும் கவனிக்கிறார்கள். சிலர் மூத்த குஞ்சுகளின் வாசலைத் துணியால் அடைத்துவிட்டு மெதுவாக இறக்குகிறார்கள். அடைத்த துணியை எடுக்க மறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. அதனால் என் ஓட்டு முதல் கட்சிக்குத்தான். ஒவ்வொரு சுரைக்குடுக்கையும் தனித்தனியாக இறங்குகிற மாதிரி ஒரு மெக்கானிசம் செய்ய முடியுமா என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். கப்பிகளின் எண்ணிக்கையும் விலையும் எங்கேயோ போகிறது. யாருக்காவது நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

எல்லாம் மீறி ஒரு குஞ்சு குதித்துவிட்டால்? பிடித்து, வயசு பார்த்து, தன் அறையிலேயே திரும்ப வைத்து, வாசலைக் கொஞ்ச நேரம் துணியால் மறைத்துப் பிடிப்பார்கள். உள்ளே இருட்டானதும் படபடப்பு அடங்கும். அடங்கிய பிறகு துணியை எடுத்துவிட்டு, சத்தம் போடாமல் நகர்ந்துவிட வேண்டும்.

குஞ்சுகள் பறந்த பிறகு, ஜூலை, ஆகஸ்டில் மார்ட்டின்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் இரவு தங்கக் கூடும், பிறகு தெற்கே கிளம்பிவிடும். அப்போது வீட்டை இறக்கி, பழைய கூடுகளைச் சுரண்டி, தேய்த்துக் கழுவிக் காயவைக்கிறார்கள். கம்பிக்கயிறும் கப்பியும் ஒரு முறை பரிசோதனை. குளிர்காலத்தில் சிட்டுக்குருவி குடியேறாமலிருக்க வாசலை அடைத்துவிடுவார்கள், அல்லது வீட்டையே கழற்றி உள்ளே வைப்பார்கள். அறை எண் அழிந்திருந்தால் அப்போதே பெயின்டால் எழுதிவிடுவது வழக்கம். அடுத்த வருஷத்துப் பதிவுத் தாள் அந்த எண்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.